இணையதளமும் இயக்கப் பணியே

முற்போக்குப் புத்தக நிலையங்களின் இணையதளங்களைச் சீரமைக்க வேண்டும் என்ற கருத்து எழும்போதெல்லாம் இரண்டு மறுப்புகள் வருகின்றன. புத்தக நிலையம் என்பது வாசகரும் தோழரும் நேரில் சந்திக்கும் இடம், இணைய வணிகம் நுகர்வுக் கலாச்சாரத்தின் விளைபொருள், அது நமக்கு எதற்கு என்பது ஒன்று. அமேசானில் பட்டியலிட்டால் போதாதா என்பது மற்றொன்று. முதலாவது தூய்மைவாதம், இரண்டாவது சரணாகதி. எதிரெதிராகத் தோன்றினாலும், வாசகரை ஏகபோகத்திடம் ஒப்படைப்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

தில்லி ஷாதிப்பூரில் 2012 மே தினத்தன்று திறக்கப்பட்ட மே தினப் புத்தக நிலையம் போன்ற இடங்களின் மதிப்பை எவரும் மறுக்கவில்லை. ஆனால் தன்பாத் சுரங்கத் தொழிலாளிக்கும் கோராபுட் பள்ளி ஆசிரியைக்கும் அந்தக் கதவு எவ்வாறு திறக்கும்? நேரடிச் சந்திப்பைப் போற்றுவோர், அதற்கு வாய்ப்பற்ற பெரும்பான்மையை மறந்துவிடுகின்றனர். நற்பெயர் மட்டுமே கடையைக் காப்பாற்றுவதுமில்லை. அதே தில்லியின் வசந்த் விஹாரில் வாசகர்கள் கொண்டாடிய ‘ஃபேக்ட் அண்ட் ஃபிக்‌ஷன்’ 2015இல் மூடப்பட்டது.

இரண்டாவது வாதம் மேலும் ஆபத்தானது. 1995இல் அமேசானும் 2007இல் ஃபிளிப்கார்ட்டும் புத்தக விற்பனையில்தான் தொடங்கின. புத்தகம் அவர்களுக்கு வாடிக்கையாளரை ஈர்க்கும் தூண்டில். 2014இல் மின்னூல் விலைத் தகராறின்போது, ஹாஷெட் நூல்களின் விநியோகத்தைத் தாமதப்படுத்தி அந்நிறுவனத்தைப் பணியவைக்க முயன்றது அமேசான். இந்தியாவில் வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை 2016இல் வாங்கி, 2022இல் மூடியது. ஆட்சியாளர்களை விமர்சிக்கும் நூல்களையும் வெளியிட்ட பதிப்பகம் அது. இத்தகைய கரங்களிலா நமது நூல்களின் ஒரே வாசலை வைப்பது?

சீரமைப்பு என்பது பளபளக்கும் முகப்பு அன்று. விலை மலிந்த கைபேசியிலும் மெதுவான இணைப்பிலும் பக்கம் திறக்க வேண்டும். கணக்குத் தொடங்காமலே நூலைத் தேர்ந்து, யுபிஐயில் பணம் செலுத்த இயல வேண்டும். அஞ்சல் செலவு கடைசிப் படியில் திடுக்கிட வைக்காமல் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும். இல்லாத நூலை இருப்பதாகக் காட்டக் கூடாது. அம்பேத்கர், அம்பேட்கர் என எவ்வாறு எழுதித் தேடினாலும் நூல் கிட்ட வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமே தேட முடிகிற தளம், இந்திய மொழி வாசகரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

அவர்களது வேகத்தோடு நாம் போட்டியிட வேண்டியதில்லை. இலக்கை முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறை செல்லவோ மாட்டோம் என மானேசர் அமேசான் கிடங்கின் தொழிலாளர்களிடம் உறுதிமொழி பெறப்பட்டதாக 2024இல் செய்தி வெளியானது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ‘நாளையே கையில்’ என்பதன் விலை அதுவே. ஐந்து நாட்களாகும் என்று நேர்மையாக அறிவிப்பதில் இழிவேதும் இல்லை.

எனினும், தளத்தைச் செப்பனிட்டால் மட்டும் போதாது. பதிவு நூல் அஞ்சல் சேவையை ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் திடீரென நிறுத்தியது. எதிர்ப்பு எழுந்த பிறகே, 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்தது. நிர்வாக உத்தரவு ஒன்றால் மறையக்கூடிய சலுகையை நம்பிச் சிறு பதிப்பகங்கள் இயங்க முடியாது. முதலாளித்துவ நாடான பிரான்சே 1981இல் நூல்களுக்கு நிலையான விலையைச் சட்டமாக்கியது. 2023 முதல், 35 யூரோவுக்குக் குறைவான இணையவழி நூல் கொள்முதலுக்கு அஞ்சல் கட்டணமாகக் குறைந்தது 3 யூரோ வசூலிக்க வேண்டும் என விதித்தது. சலுகை விலையிலும் இலவச விநியோகத்திலும் சிறு கடைகள் நசுங்கிவிடக் கூடாது என்பதே நோக்கம். இந்தியாவில் அத்தகைய காப்பு இல்லை.

ஆகவே நமது கடமை இருமுனை கொண்டது. நூல்களுக்கான மலிவு அஞ்சல் கட்டணத்தைச் சட்டபூர்வ உரிமையாக்கப் போராட வேண்டும். நமது புத்தக நிலையங்களும் இணையதளப் பணியை ஓய்வுநேர வேலையாகத் தள்ளிவிடாமல், உரிய ஊதியம் அளித்து முழுநேரப் பொறுப்பாக்க வேண்டும். அடுத்த நூலை எங்கிருந்து வாங்குகிறோம் என்பதிலிருந்தே தோழர்கள் இதைத் தொடங்கலாம்.