பில்ட்டியின் பொடியெழுத்து

தாராவியின் தோல் பட்டறைகளில் ‘பார்ட் லோடு’ அன்றாடச் சொல். லாரி முழுவதையும் நிரப்பச் சரக்கில்லாதவர், பிறர் சரக்கோடு தம் பெட்டிகளையும் ஏற்றித் தம் பங்குக்கு மட்டும் வாடகை செலுத்தும் முறை அது. கூரியருக்குக் கொடுத்தே தேய்ந்த சிறு உற்பத்தியாளர், வணிகம் வளரும்போது இதற்கு மாறுவது சரியே. ஆனால் பலரும் வாடகையை மட்டுமே ஒப்பிடுகின்றனர்.

கைப்பை எடை குறைந்தது, இடத்தை அடைப்பது. ஆகவே கட்டணம் பெரும்பாலும் கன அளவுக்கே விழும். பிவண்டிக் கிடங்குகளிலும் வழியிலும் பெட்டி பலமுறை இறக்கி ஏற்றப்படும். நசுங்குவதும் தொலைவதும் அங்கேதான்.

தொலைந்தால்? 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011ஆம் ஆண்டு விதிகளும், கூடுதல் பொறுப்புக் கட்டணத்துக்கு உடன்படாதவரின் இழப்பீட்டைப் பொதுவாக வாடகையின் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. 1,500 ரூபாய் வாடகையில் அனுப்பிய 60,000 ரூபாய்ச் சரக்குக்குக் கிடைப்பது 15,000 ரூபாய். இ-வே பில்லில் முழு மதிப்பும் பதிவாகியிருப்பது மட்டும் இதற்குப் போதாது. வழக்குத் தொடர்வதற்கும், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புத் தந்திருக்க வேண்டும்.

மொழியியல் பயின்ற எனக்கு உறுத்துவது வேறு. தமிழும் இந்தியும் மராத்தியும் புழங்கும் பட்டறைக்கு வரும் பில்ட்டியில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்பது ஆங்கிலத்தில், பொடியெழுத்தில் இருக்கிறது. கூடுதல் பொறுப்புக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். வீட்டுப் பட்டறையின் கணக்கைப் பார்க்கும் மாணவர்கள், அடுத்த சரக்கு கிளம்புமுன் அவ்வரியைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள்.