சிறுவர் இதழும் நம் சங்கமும்

சென்ற பொங்கல் விழாவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறி, பத்துக் குறள்களைப் பிழையின்றிச் சொன்னான். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. இறங்கி வந்தவன் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். பத்துக் குறளும் ஆங்கில எழுத்தில் இருந்தன! கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆகவே பிறரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை.

கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பகுதியில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். தமிழ் எழுத்து மட்டும் பலருக்கு எட்டாமலே போகிறது. "அரிச்சுவடி வாங்கிக் கொடுத்தால் போதாதா?" என்பர் பெரியோர். பள்ளிப் பாடச் சுமையின்மேல் இன்னொரு பாடத்தை எந்தக் குழந்தை விரும்பும்? சிறுவர் இதழே இதற்கு வழி என்பது என் கருத்து.

சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே ஊரில் 1913இல் உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். வங்காளத்தில் அச்சொல் செய்தியையும் குறிக்கும். இனிப்புப் பண்டத்தையும் குறிக்கும். அவருக்குப்பின் மகன் சுகுமார் ராய் அதை நடத்தினார். நின்றுபோன இதழுக்கு 1961இல் பேரர் சத்யஜித் ராய், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து மறுபடி உயிர் கொடுத்தார். துப்பறியும் ஃபெலுதா 1965இல் முதலில் தோன்றியது அதில்தான். இவற்றினும் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று: சிறுவர்கள் எழுதியவற்றுக்கும் அவ்விதழ் இடம் தந்தது. தன் எழுத்து அச்சில் வருமா என்று காத்திருக்கும் குழந்தையை யாரும் படிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை.

தமிழுக்கும் இந்த மரபு புதிதன்று. 1947இல் தோன்றிய 'அம்புலிமாமா' எத்தனையோ பேருக்குப் படிக்கும் பழக்கத்தை ஊட்டியது. அது நின்றுவிட்டது. ஆனால் 1987இல் அறிவியல் இயக்கத்தார் தொடங்கிய 'துளிர்' உண்டு. நான் தங்கியிருக்கும் வீட்டுச் சிறுமியிடம் அதன் இதழொன்றைக் கொடுத்தேன். ஒரு புதிருக்கு விடை கேட்டாள், சொல்ல மறுத்தேன். எழுத்துக் கூட்டி, மூன்றே நாளில் விடைப் பகுதியைத் தானே படித்துவிட்டாள்!

"கைப்பேசியில் தமிழ்க் கதை கேட்கிறார்களே!" எனலாம். கேட்கட்டும், நன்றே. ஆனால் கேட்கும் கதைக்கு எழுத்துத் தேவையில்லை. குறளைக் கேட்டுத்தானே அச்சிறுவனும் மனப்பாடம் செய்தான்?

நண்பர்களே, நம் சங்கம் பத்துப் படிகளுக்குச் சந்தா கட்டட்டும். விழாவில் பொன்னாடைக்கும் மாலைக்கும் ஆகும் செலவைச் சற்றுக் குறைத்தாலே போதும். ஞாயிறுதோறும் இருவர் முறைவைத்து, ஒரு மணி நேரம் குழந்தைகளுடன் அமர்ந்து படிப்போம். தேர்வு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். அவர்கள் எழுதுவதற்கு நம் மலரில் இரண்டு பக்கங்களை ஒதுக்குவோம். பிழைகள் இருக்கும்; இருக்கட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

அடுத்த பொங்கலுக்கு அச்சிறுவன் ஒரே ஒரு குறளைத் தமிழ் எழுத்தில் பார்த்துத் தட்டுத் தடுமாறிப் படித்தாலும் போதும். அன்று தயக்கமின்றிக் கைதட்டுவேன்.