அம்மம்மாவின் கறுப்புத் தாச்சி

போன கிழமை எங்கள் குசினியில் ஒரு சண்டை. என் அம்மா சென்னையில் வாங்கி, சேலைகளுக்கு நடுவில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்த கறுப்புத் தாச்சியை மகள் டிஷ்வாஷரில் போட்டுவிட்டாள். வெளியே எடுத்தால் சாம்பல் பூசின மாதிரி வெளிறிப்போய் இருந்தது. அம்மா இப்போது இல்லை. அந்தக் கோபத்தில் பிள்ளையை நல்லாப் பேசிவிட்டேன்.

"உங்களுக்கு வேலை குறையட்டும் எண்டுதானே அம்மா போட்டனான்" என்று அழுதாள்.

அலுமினியப் பாகங்களுக்கு இதே காப்புப் போடும் இடத்தில்தான் எனக்கு வேலை. வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றிரவுதான் சொன்னேன்.

அந்தக் கறுப்பு பெயின்ட் இல்லை. அலுமினியத்தைக் குளிர்ந்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேற்பரப்பே அலுமினியம் ஒக்சைட்டாக மாறும். இது ஒரு வகைச் செராமிக். தடிப்பு 25 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. ஆனாலும் கரண்டி உரசினால் லேசில் கீறாது. எங்கள் இரத்தினபுரி நீலக்கல்லும் அடிப்படையில் அலுமினியம் ஒக்சைட்தான் என்றதும் மகளுக்கு அழுகை நின்றுவிட்டது.

இந்த முறை பிறந்ததும் பிரிட்டனில்தான். கடல் விமானங்களின் பாகங்களை உப்புத்தண்ணீர் அரிக்காமல் காக்க, 1923இல் பெங்கோஃப், ஸ்டூவர்ட் என்ற இருவர் குரோமிக் அமில முறைக்குக் காப்புரிமை எடுத்தார்கள். இன்று இன்னொரு முறையும் உண்டு. நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுத்து, தண்ணீருக்குள்ளேயே சின்னச் சின்னத் தீப்பொறி பறக்கவிட்டு, இன்னும் கடினமான காப்பை வளர்ப்பார்கள். மக்னீசியத்துக்கும் அது சரிவரும்.

இவ்வளவு உறுதியான காப்புக்கு ஒரு பலவீனம்: கடும் காரம். டிஷ்வாஷர் பவுடரில் இருப்பது அதுதான். காப்பைக் கரைத்துவிடும். வீட்டில் திருப்பிப் போடவும் முடியாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாச்சி இருந்தால் கையால், சாதாரண சோப்பில் கழுவுங்கள். காப்புப் போனதில் புளிக்குழம்பு, தக்காளி வைக்காதீர்கள். புளிப்பு வெறும் அலுமினியத்தை அரிக்கும்.

எங்கள் தாச்சியை எறியவில்லை. இனி அது மிளகாய், மல்லி வறுக்க மட்டும். முதல் வறுவலை மகள்தான் செய்தாள். அம்மம்மா எப்படி வறுப்பா என்று கேட்டுக் கேட்டு வறுத்தாள். பேசினதற்கு நானும் மன்னிப்புக் கேட்டேன். சொல்லிக் கொடுக்காதது என் பிழைதானே.