அசெம்பிளி வேலை என்றால் கேவலமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை என்றதும், "சும்மா பார்ட்ஸை எடுத்துப் பூட்டுற வேலைதானே?" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு போர் விமானத்தின் கதை.

அமெரிக்காவின் கர்ட்டிஸ் கம்பெனி 1935-ல் பறக்கவிட்ட விமானம் ஹாக் 75. அந்நாட்டு ராணுவம் வைத்த பெயர் பி-36. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக, சக்கரம் உள்ளே மடங்காத மலிவு ரகமும் வந்தது. 1938-ல் ஒரு பி-36-ன் வட்டமான இன்ஜினைக் கழற்றிவிட்டு, நீளமான அலிசன் இன்ஜினை மாட்டிப் பார்த்தார்கள். பி-40 பிறந்தது! உடம்பு பழசு, இன்ஜின் புதுசு. ஆனாலும் 13,000-க்கு மேல் தயாரானது.

இதே ஹாக் நம் பெங்களூரிலும் பூட்டப்பட்டது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1942-ல் அதைப் பறக்கவிட்டது. செய்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஜப்பான் நெருங்கி வர, தொழிற்சாலை நேச நாட்டு விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாகிவிட்டது.

அதோடு கதை முடிந்ததா? இல்லை. 1951-ல் அங்கேயே வி.எம். காட்கே தலைமையில் வடிவமைத்த ஹெச்.டி-2 பயிற்சி விமானம் வானில் ஏறியது.

ஆக, பூட்டுவது கேவலமில்லை. பூட்டுவதோடு நின்றுவிடுவதுதான் நஷ்டம். ஸ்பேனர் பிடிக்கும் பையனுக்கு டிராயிங் போடவும் கற்றுக்கொடுங்கள். சிப்காட் கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.