பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப்பாம்!

காலாவதியான பிலிம் பற்றி யார் பேச்செடுத்தாலும் உடனே ஒரு மந்திரம் காதில் விழுகிறது: "பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டிக்கோங்க." சொல்பவர் சோதித்துப் பார்த்திருக்கிறாரா? அதை மட்டும் கேட்கக்கூடாது!

என் கதையைக் கேளுங்கள். 1996ல் காலாவதியான கறுப்பு வெள்ளை ரோல்கள் இரண்டு. பெட்டியில் போட்டிருந்த வேகம் இரண்டுக்கும் 100. ஒன்று ஃப்ரிட்ஜில் இருந்தது. இன்னொன்று நாக்பூர் வெயிலில் பரண்மேல் கிடந்தது. மந்திரப்படி மூன்று ஸ்டாப், அதாவது இரண்டுக்கும் 12. சோதித்தால் ஃப்ரிட்ஜ் ரோல் 50, பரண் ரோல் 6!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பிலிமைக் கெடுப்பது காலண்டர் மட்டும் அல்ல; சூடு, ஈரப்பதம், இயற்கைக் கதிர்வீச்சு எல்லாம் சேர்ந்துதான். வேகமான பிலிம் சீக்கிரம் கெடும். வெளிச்சமே படாத இடத்திலும் நெகட்டிவில் ஒரு சாம்பல் மூட்டம் படியும். நிழல் விவரங்களை முதலில் விழுங்குவது அதுதான்.

சோதனைக்கு ஆறேழு ஃப்ரேம் போதும். முக்காலியில் கேமரா, மாறாத வெளிச்சம், எதிரே ஒரு கறுப்புக் குடை. 100, 50, 25, 12, 6, 3 என்று வைத்து எடுங்கள். கடைசியாக லென்ஸ் மூடியோடு ஒன்று. இருட்டுப் பைக்குள் அதுவரை வெட்டி, வழக்கமாகப் பயன்படுத்தும் டெவலப்பரிலேயே கழுவுங்கள். மூடியோடு எடுத்த ஃப்ரேமில் தெரிவது வெறும் மூட்டம். அதோடு ஒப்பிடுகையில் குடை மடிப்புகள் எந்த ஃப்ரேமில் முதலில் தெளிவாகப் பிரிகிறதோ, அதுதான் அந்த ரோலின் வேகம். எதிலுமே பிரியவில்லையா? நல்லது, முக்கியமான படத்தை அதை நம்பி எடுக்காமல் தப்பித்தீர்கள்.

"அதுக்குப் போய் ஏழு ஃப்ரேம் வீணா?" என்பார்கள். நண்பர் ஒருவர் மந்திரத்தை நம்பி, பாட்டியின் எண்பதாம் பிறந்தநாளுக்கு முழு ரோலையும் எடுத்தார். வந்தது முப்பத்தாறு சாம்பல் சதுரங்கள். பாட்டி இப்போது இல்லை. எது ஐயா வீண்?

1960ல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இன்று இயங்கவில்லை. அங்கே தயாரான 'இந்து' ரோல் உங்கள் வீட்டு அலமாரியில் ஒன்று கிடந்தால், அதற்கு மாற்று இனி வரப்போவதில்லை. அதையும் மந்திரம் ஓதியே பாழாக்குவேன் என்றால், உங்கள் இஷ்டம் சாமி!