இளைத்தது சரி, எது இளைத்தது?

நம் வயதுக்காரர் ஒருவர் நாலைந்து கிலோ இளைத்துவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். "என்ன சார், பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்று கை கொடுக்கிறார்கள். குந்தாரப்பள்ளியில் காலையில் நடக்கப் போகும் பெரியவர்களுக்குள்ளும் இப்போது இதுதான் பேச்சு. சர்க்கரைக்காக இளைக்கிறவர் ஒருவர், முழங்கால் வலிக்காக இளைக்கிறவர் ஒருவர், பழைய சட்டையெல்லாம் வீணாகிறதே என்று இளைக்கிறவர் ஒருவர். எல்லாம் நல்ல காரணம்தான். ஆனால் போனது கொழுப்பா, தசையா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கேள்வி எடையை விடப் பெரியது என்பது என் கட்சி.

நம் பேச்சு வழக்கே இதில் கொஞ்சம் குழப்பம். "சதை போட்டுட்டார்" என்று சொன்னால் அது தொப்பையையும் குறிக்கும், புஜத்தையும் குறிக்கும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். அங்கேயும் இதே கதைதான். 'ஆம்போன்புவேன்' என்று ஒரு சொல் உண்டு. பிரித்துப் பார்த்தால் 'நல்ல நிலையில்' என்று பொருள். காலப்போக்கில் அது பூசினாற்போன்ற உடம்புக்குப் பெயராகிவிட்டது. அந்தக் காலத்தில் கொழுத்த உடம்பும் நல்ல உடம்பும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. இப்போது இளைத்த உடம்பும் நல்ல உடம்பும் ஒன்றாகத் தெரிகிறது.

குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஒருவர் 78 கிலோ. அதில் 30 சதவீதம் கொழுப்பு என்று வையுங்கள், அதாவது 23.4 கிலோ. அவர் 8 கிலோ குறைக்கிறார். குறைந்தது முழுக்கக் கொழுப்பு என்றால், 70 கிலோவில் கொழுப்பு 15.4 கிலோ, 22 சதவீதம். பாதி கொழுப்பு, பாதி தசை என்றால் கொழுப்பு 19.4 கிலோ, கிட்டத்தட்ட 28 சதவீதம். மிஷினில் இரண்டு பேரும் ஒரே 70. இனி இரண்டாமவர் பழையபடி சாப்பிட ஆரம்பித்து அந்த 8 கிலோவும் திரும்ப வருகிறது. நம் வயதில் திரும்பி வருவதில் பெரும்பகுதி கொழுப்பாகத்தான் இருக்கும். முழுவதும் கொழுப்பாகவே வந்தால் 78 கிலோவில் 27.4 கிலோ கொழுப்பு, 35 சதவீதம். புறப்பட்ட எடைக்கே வந்து சேர்ந்தார், ஆனால் புறப்பட்டபோது இருந்ததை விட மோசமான உடம்போடு.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, ஏழு மாதத்தில் 11 கிலோ இறக்கினார். எல்லோரும் அவரை உதாரணம் காட்டினார்கள். பிறகு பஸ் சீட்டிலிருந்து எழ முன் கம்பியைப் பிடிக்க ஆரம்பித்தார். அப்புறம் குளியலறையில் விழுந்தார். இடுப்பு தப்பியது, மணிக்கட்டு தப்பவில்லை. அவருடைய தொப்பை மட்டும் அப்படியேதான் இருந்தது. தொடைதான் போயிருந்தது.

எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு இதைக் காட்டாது. அந்தக் கணக்கை முதலில் எழுதியவர் பெல்ஜியத்துக்காரர் அடோல்ஃப் கெத்லே. 1835-ல் பிரெஞ்சில் வந்த அவருடைய புத்தகம் 'சராசரி மனிதன்' என்ற ஒருவனைத் தேடிய புத்தகம். கெத்லே வைத்தியரே அல்ல, வானியலும் புள்ளிவிவரமும் அவர் தொழில். 1972-ல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்கர் அதற்குப் புதுப் பெயர் வைத்தார். கூட்டத்தை எண்ணுவதற்கு நல்ல கருவி, தனி ஆளை எடை போட அது போதாது.

இதை நம் நாட்டு மருத்துவர் ஒருவர் தன் உடம்பை வைத்தே காட்டியிருக்கிறார். பூனா கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், லண்டன் டாக்டர் ஜான் யூட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் படத்தைப் போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்துகொண்டே வயிற்றில் கொழுப்பு சுமப்பது நம்மவர்களின் தனிச் சொத்து. நாடு முழுவதும் எடுத்து 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்விலும் இதுதான் தெரிந்தது. மொத்த உடல் பருமன் 28.6 சதவீதம் பேருக்கு, வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேருக்கு.

சரி, வீட்டில் எப்படி அளப்பது? இப்போது பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் எடை மிஷினில் கொழுப்பு சதவீதமும் வருகிறது. வெறுங்காலோடு ஏறி நின்றால் காலில் மெல்லிய மின்சாரம் விடுகிறது. தண்ணீர் உள்ள தசை மின்சாரத்தை எளிதாக விடும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை மட்டுமே மிஷின் அளக்கிறது. மற்றதெல்லாம் நீங்கள் கொடுத்த வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. சந்தேகம் இருந்தால் 74 என்பதை 40 என்று மாற்றிவிட்டு ஏறிப் பாருங்கள். பல மிஷின்களில் அந்த நிமிடமே கொழுப்பு கரைந்துவிடும்! வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் ஏறினால் கொழுப்பு கூடும். ஆகவே வாரம் ஒரு நாள், காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன் ஏறுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள், மூன்று மாதப் போக்கைப் பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த மிஷினில் ஏறவே வேண்டாம்.

டெய்லர் டேப் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் கடற்படைக்காக 1984-ல் ஒரு சூத்திரம் எழுதினார்கள். ஆணுக்கு இடுப்பு, கழுத்து, உயரம் மூன்றும் போதும். பெண்ணுக்குப் பிட்டச் சுற்றளவும் வேண்டும். பேரனிடம் சொன்னால் போனில் போட்டுத் தருவான். 165 செ.மீ. உயரம், 37 கழுத்து, 92 இடுப்பு உள்ள ஆணுக்குச் சுமார் 24.5 சதவீதம் வரும். இடுப்பு 86 ஆனால் 20-க்குப் பக்கம் வரும். இளம் சிப்பாய்களை வைத்துச் செய்த கணக்கு என்பதால் நமக்கு அச்சாகப் பொருந்தாது. ஆனால் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். டேப்பை ஒவ்வொரு முறையும் தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்டபின், இழுக்காமல் வையுங்கள். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்து யாரை ஏமாற்றப் போகிறோம்? இந்தியருக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. இன்னும் சுலபமாக, உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்கட்டும்.

இத்தோடு முக்கால்வாசிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். கொழுப்பை அளந்தால் பாதிக் கணக்குதான் ஆகும். எங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவரைக் கவனியுங்கள். தராசைத் தேட மாட்டார். விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பின் மேல் கையை வைத்து அழுத்துவார். எலும்பு குத்துகிறதா, பக்கத்தில் சதை நிறைந்திருக்கிறதா என்று கை சொல்லிவிடும். ரோமமும் வயிறும் அவரை ஏமாற்றாது.

நமக்கும் அப்படி இரண்டு சோதனை உண்டு. கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். ஆசிய நாட்டு நிபுணர் குழு 2019-ல் சொன்ன எல்லை ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33. அதற்குக் கீழே போனால் தசை தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் காலில் பலம் குறைவு. இடுப்பு குறைந்து, கெண்டைக்கால் அப்படியே இருந்து, எழும் வேகமும் குறையாதிருந்தால், போனது கொழுப்பு. மூன்றும் சேர்ந்து குறைந்தால் பாராட்டை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

இனி குறைக்கும் வழி. நம்மவர்களுக்குத் தெரிந்தது இரண்டே: ராத்திரி இரண்டு இட்லி, காலையில் நடை. நடையை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அது தனியாகத் தசையைக் காக்காது. 2017-ல் அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட, பருமனான 160 பேரை வைத்து ஆறு மாதம் ஆய்வு செய்தார்கள். எடை குறைப்போடு நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை 5 சதவீதம் போயிற்று. பளு தூக்கியவர்களுக்கு 2, இரண்டும் செய்தவர்களுக்கு 3. உடம்பின் செயல்திறன் அதிகம் கூடியது இரண்டும் செய்தவர்களுக்குத்தான். பளு என்றதும் பயப்பட வேண்டாம். நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை இரு கையில் தூக்குவது, எல்லாம் பளுதான். வாரம் இரண்டு மூன்று நாள், மூச்சை அடக்காமல். நெஞ்சு வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

சாப்பாட்டில் நான் சொல்வது, அளவைக் குறைத்தாலும் புரதத்தைக் குறைக்காதீர்கள் என்பது. வயதானவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 1 கிராமாவது வேண்டும் என்கிறார்கள். 65 கிலோ ஆளுக்கு 65 கிராம். இரண்டு இட்லியில் 4 கிராம் அளவுதான் கிடைக்கும். ஒரு முட்டையில் 6. நம் பக்கத்துக் கேழ்வரகுக் களி எனக்கும் பிடிக்கும், ஆனால் அதன் புகழ் சுண்ணாம்புச் சத்தில், புரதத்தில் அல்ல. களியோடு வரும் கொள்ளுக் கடைசலில்தான் விஷயம் இருக்கிறது. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். நாம் களி உருண்டையைப் பெரிதாக உருட்டிவிட்டுக் கடைசலைத் தொட்டுக்கொள்கிறோம், அதைத் திருப்பிப் போட்டால் போதும். மொச்சை, தயிர், வேர்க்கடலை, கோழி, அவரவர் வீட்டு வழக்கப்படி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அவர்கள் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது.

இன்னொன்று. எந்த முயற்சியும் செய்யாமல் ஒருவர் இளைத்தால் அதற்கு டயட் பெயர் கேட்காதீர்கள். சர்க்கரை, காசநோய், தைராய்டு, புற்றுநோய், மனச்சோர்வு, ஏதாவது ஒன்று இருக்கலாம். பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

மாதம் முதல் தேதி, பென்ஷன் வந்ததா என்று பார்க்கும் நாளிலேயே, எடை, இடுப்பு, கெண்டைக்கால், நாற்காலி வினாடி என்று நாலு பத்தி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நாற்காலிச் சோதனைக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.