பிரீமியம் குறைஞ்சா போதுமா? ஆஸ்பத்திரி பில்லை யார் கேக்குறது?

2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் ஹெல்த் இன்சூரன்ஸுக்கு 18% ஜிஎஸ்டி கிடையாது. நல்ல செய்திதான். ஆனா ஆஸ்பத்திரி பில் குறைஞ்சுதா? இல்லை. பில் ஏறினா க்ளெய்ம் ஏறும், க்ளெய்ம் ஏறினா ரினியூவல்ல பிரீமியம் ஏறும். இன்னைக்கு மிச்சமாகுற பணம் சில வருஷத்துல அப்படியே திரும்பப் போயிடலாம்.

அரசு செலவே பண்ணலையா? பண்ணுது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசா கொடுத்தது 2013-14-ல் 64.2%. அது 2021-22-ல் 39.4% ஆகக் குறைஞ்சிருக்கு. இது சாதாரண விஷயம் இல்லை. ஆனா 2025-க்குள் அரசின் மருத்துவச் செலவை ஜிடிபி-யில் 2.5% ஆக்குவோம்னு 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. கோவிட் செலவெல்லாம் சேர்ந்த 2021-22-லேயே நாம தொட்டது 1.84% தான்.

சரி, இதுல நாம எங்கே இருக்கோம்? சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினா ஈஎஸ்ஐ கிடையாது. தமிழ்நாடு முதல்வர் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்கணும். ஆயுஷ்மான் பாரத் 70 வயசானவங்களுக்கு வருமானம் பாக்காம 5 லட்சம் கவர் தருது. உங்க அப்பாவுக்கு 58 தான் ஆகுது. இப்படி நடுவுல மாட்டினவங்க 40 கோடி பேராவது இருப்பாங்கன்னு நிதி ஆயோக்கே 2021-ல் அறிக்கை போட்டது.

என் கருத்து இதுதான்: ஏழைக்கு கார்டு, நமக்கு வரிச்சலுகை. ரெண்டுமே அறிவிக்க வசதி, ஓட்டும் வரும். பில் தொகையைத் தொடுறதுதான் அரசியல்ல கஷ்டம். அரசு காப்பீட்டுல ஒவ்வொரு சிகிச்சைக்கும் பேக்கேஜ் ரேட் உண்டு. அதே ஆபரேஷனை நாம கைக்காசு கட்டிப் பண்ணினா, ஆஸ்பத்திரி சொல்றதுதான் ரேட்.

தொட முடியாதுன்னு சொல்லாதீங்க. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வெச்சது. 1 லட்சத்துக்கு மேல வித்த மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கிச்சு. கார்டு வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், எல்லாருக்கும் அதே விலை. ஆனா ஸ்டென்ட்ல விட்டதை பில்லோட வேற வரியில பிடிக்கலாம். அதனாலதான் முழு சிகிச்சைக்கும் ரேட் வேணும். பக்கத்துல நம்பிப் போற மாதிரி ஒரு அரசு ஆஸ்பத்திரியும் வேணும். அது எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. நாம போறதில்லை, அதனால அதைப் பத்திக் கேக்கிறதும் இல்லை. "ஓசி"ன்னு கிண்டல் மட்டும் பண்றோம். அதுவும் நம்ம வரிப்பணம்தான்.

அதுவரைக்கும் என்ன பண்றது? கம்பெனி இன்சூரன்ஸ் வேலையோட போயிடும். தனியா ஒரு பாலிசி இப்பவே எடுங்க. புது வரி முறையில 80டி கழிவு கிடையாது, ஆனா அதுக்காகத் தள்ளிப் போடாதீங்க. அப்பா அம்மாவுக்கு சுகர், பிபி இருந்தா மறைக்காம எழுதுங்க.

பாலிசி உங்களைக் காப்பாத்தும். பில்லைக் குறைக்கிறது ஓட்டு கேட்டு வர்றவங்க கையில. அடுத்த தடவை வந்தா, "என்ன தருவீங்க?"ன்னு கேக்காம, "ரேட் எப்போ வைப்பீங்க?"ன்னு கேளுங்க.